வால்பேத்தையின் வாலும் புற்றுநோயின் வழியும்

மாரி மழை விட்ட கையோடு மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் போனால், வயல் வாய்க்காலெல்லாம் வால்பேத்தைகள் நெளியும். சில கிழமைகளில் கால் முளைக்கும், வால் காணாமற்போகும். அது அறுந்து விழுவதில்லை. வாலுக்குள் இருக்கும் கொலாஜன் என்ற உறுதியான புரத நாரை வால்பேத்தையின் உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிக் கரைக்கும் நொதியத்தை 1962இல் ஜெரோம் குறோஸ், சார்ள்ஸ் லாப்பியர் என்ற இருவர் அந்த வாலில்தான் கண்டுபிடித்தார்கள்.

அதன் உறவுக்கார நொதியங்கள் இருபதுக்கும் மேல் எங்கள் உடம்பிலும் உண்டு. ஒவ்வொன்றின் வெட்டும் இடத்திலும் ஒரு நாக (துத்தநாக) அணு இருக்கும். புண் ஆறும்போது பழுதான இழையத்தை வெட்டி வழிவிடுவதும் இவைதான். இந்தக் குடும்பத்தை ஆங்கிலச் சுருக்கமாக எம்.எம்.பி என்பார்கள்; அவற்றில் ஒன்று எம்.எம்.பி-9.

இதே வேலையைப் புற்றுக் கலங்களும் பயன்படுத்துகின்றன. வாய்ப் புற்றைப் பாருங்கள். வெற்றிலை வட்டா இன்னும் திண்ணையில் இருக்கும் ஊர் எங்களுடையது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கன்னத்தின் உட்புறத் தோலுக்கு அடியில் கொலாஜனால் நெய்த மெல்லிய அடிமென்சவ்வு ஒன்று உண்டு. அது கிழியாதவரை கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். எம்.எம்.பி-9 அந்த நெசவை வெட்டிவிட்டால் கலங்கள் நிணநீர்க் குழாய்க்குள் இறங்கலாம், கழுத்தில் கட்டி தெரியலாம். வாயில் இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண்ணோடு இருப்பவரைக் கையைப் பிடித்து இழுத்தாவது வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சரி, கண்ணுக்குத் தெரியாத இந்த நொதியத்தை ஆய்வுகூடத்தில் எப்படிப் பிடிப்பது? அதற்குத்தான் பிறபொருளெதிரி. மனித எம்.எம்.பி-9இல் ஒரு துண்டை எலிக்கு ஊசியால் ஏற்றினால், எலியின் உடம்பு அதை அந்நியப் பொருளென்று கண்டு, அதில் மட்டும் ஒட்டும் புரதங்களை உண்டாக்கும்; அவைதான் பிறபொருளெதிரிகள். அவற்றை உண்டாக்கும் கலத்தைச் சாகாமல் பெருகும் ஒரு புற்றுக் கலத்தோடு இணைத்துவிட்டால், ஒரே அச்சான பிறபொருளெதிரி ஓயாமல் கிடைக்கும். கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் காட்டிய இந்த வழிக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றைத் தேட ஒரு புற்றுக் கலமே துணைக்கு வருவது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

நோயாளியிடம் எடுத்த சதைத் துண்டைப் போர்மலினில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நாலு பங்கு தடிப்பில் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். போர்மலின் புரதங்களைப் பின்னிப் பிணைத்துவிடும். அதனால் மெழுகை நீக்கி, சூடான கரைசலில் வைத்து அந்தப் பிணைப்பைத் தளர்த்த வேண்டும். அப்புறம் எலிப் பிறபொருளெதிரியை விடுவார்கள். ஒட்டாததைக் கழுவிவிட்டு, எலிப் பிறபொருளெதிரியில் ஒட்டும் இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். அதன் முதுகில் நிறமூட்டும் நொதியம் இருக்கும். கடைசியில் நிறப்பொருளைத் துளித்ததும், எம்.எம்.பி-9 உள்ள இடமெல்லாம் தேயிலைச் சாயம்போலப் பழுப்பாகும்.

நுணுக்குக்காட்டியில் பழுப்பைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கிருமியோடு மல்லுக்கட்டும் வெண்குருதிக் கலங்களும் இந்த நொதியத்தைச் சுமக்கின்றன; அழற்சி உள்ள வாயில் அவை நிறைய இருக்கும். அதனால் பழுத்தது எந்தக் கலம் என்று பார்க்க வேண்டும். நிறம் வேறு காரணத்தால் வந்ததா என்று அறிய, முதல் பிறபொருளெதிரி விடாத இன்னொரு துண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அதுவும் பழுத்தால் அந்தச் சோதனை செல்லாது.

பெரிய சிக்கல் வேறு. இந்த நொதியம் பிறக்கும்போது நாக அணுவை மூடிய ஒரு துண்டோடு பிறக்கிறது. அந்த மூடி வெட்டுப்பட்டால்தான் வேலை தொடங்கும். பல பிறபொருளெதிரிகள் இரண்டு நிலையிலும் ஒட்டும். பழுப்பு நிறம் ‘இங்கே இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். வெட்டுகிறதா என்று சொல்லாது.

அதை அறிய வேறொரு சோதனை. ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கட்டிபடுமே, அந்த ஜெலற்றினைக் கலந்த கூழ்மத் தகட்டில் புரதங்களை மின்சாரத்தால் ஓடவிட்டு, கழுவி, இளஞ்சூட்டில் வைப்பார்கள். நொதியம் தான் நின்ற இடத்து ஜெலற்றினைத் தின்றுவிடும். தகட்டுக்கு நீலச் சாயம் ஏற்றினால், தின்ற இடம் மட்டும் சாயம் பிடிக்காமல் வெளிறிய கோடாகத் தெரியும். இந்தச் சோதனையில் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருள் மூடியை வெட்டாமலே விலக்கிவிடுவதால், மூடியுள்ளதும் இங்கே தின்னும்; ஆனால் இரண்டும் நிற்கும் இடம் வேறு. மூடியுள்ளது மேலே, மூடி கழன்றது அதற்குச் சற்றுக் கீழே.