ஓட்டையை வெளியிலிருந்து அடைப்பது ஏன்?

நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே, படகின் அடிப்பாகத்தில் 5 செ.மீ. விட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் உள்ளே பீய்ச்சி அடிக்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல், தரையைத் தொடும்போது பெறும் வேகமும் இதேதான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 லிட்டர் உள்ளே சேரும். சிறு படகுகளில் வைத்திருக்கும் பம்ப் பெரும்பாலும் இதற்கு ஈடுகொடுக்காது.

பார்த்தாலே பதறவைக்கும் காட்சிதான். ஆனால் அந்த ஓட்டையை மூட எவ்வளவு விசை வேண்டும்? அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் தண்ணீர் 100 கிராம் எடை அளவுக்குத் தள்ளுகிறது. ஓட்டையின் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. மொத்தம் 2 கிலோ, உள்ளங்கையாலேயே தடுத்துவிடலாம். அதனால் துணியோ தலையணையோ, கைக்குக் கிடைத்ததை உடனே திணிப்பதுதான் புத்திசாலித்தனம். பாதிக்கு மேல் அடைபட்டாலே பம்புக்குச் சுமை வெகுவாகக் குறையும்.

சரி, கையை எடுத்ததும்? உள்ளிருந்து வைத்த அடைப்பைத் தண்ணீர் ஓயாமல் தள்ளும். முட்டுக் கொடுத்தாக வேண்டும். வெளியே வைத்தாலோ, அதே 2 கிலோ விசை அதைப் படகோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும்.

1770 ஜூன் 11 இரவு, ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையருகே பவளத்திட்டில் மோதி, ஓட்டை விழுந்து நின்றது. பீரங்கிகளையும் சரக்கையும் கடலில் தள்ளி எடையைக் குறைத்த பிறகு, மறுநாள் இரவுதான் கப்பல் மிதந்தது. அப்போது ஜோனாதன் மங்க்ஹவுஸ் என்ற இளம் அதிகாரி, முன்பு வேறொரு கப்பலில் கண்ட முறையை இங்கே செய்தார். பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையும் கம்பளியையும் நறுக்கி, ஒரு கப்பல் பாயின் (காற்றுக்கு விரிக்கும் துணி) மேல் கொத்துக்கொத்தாக ஒட்டி, ஆட்டுச் சாணத்தையும் பரப்பி, கயிறு கட்டிக் கப்பலுக்கு அடியில் இழுத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஓட்டை எங்கே என்று துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை என்பது. உள்ளே பாயும் தண்ணீரே நாரை இழுத்துப்போய் இடுக்கில் செருகுகிறது. எங்கே அதிகம் ஒழுகுகிறதோ அங்கேதான் அதிக நார் போய்ச் சேரும். அடைய அடைய ஓட்டம் குறையும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் மட்டும் குறையாது, அதுவே பாயைப் பிடித்துவைக்கும். அதன்பின் ஒரே பம்ப் போதுமானதாக இருந்தது. பிறகு கரையில் ஏற்றிப் பார்த்தபோது, முறிந்த பவளத் துண்டு ஒன்றும் ஓட்டையில் சிக்கி அடைத்திருந்தது தெரிந்தது.

இன்று பல படகுகளில் கூம்பு வடிவ மென்மரக் கட்டைகளை, படகின் அடியில் தண்ணீர்க் குழாய்கள் நுழையும் இடத்து வால்வுகளின் பக்கத்திலேயே கட்டி வைக்கிறார்கள். உள்ளிருந்து அடித்து இறுக்கினாலும் கட்டை நிற்பதற்குக் காரணம், மரம் ஊறும்போது குறுக்குவாட்டில் உப்புவது.

இதெல்லாம் கரை சேரும் வரைக்கும்தான். ஃபைபர் படகை மேலே ஏற்றி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் நிரந்தர ஒட்டு. ஈரம் இருந்தால் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) சரியாகப் பிடிக்காது. ஏற்கெனவே இறுகிப்போன பழைய ஃபைபரோடு புதிய ரெசின் ஒரே பொருளாகக் கலப்பதில்லை. மேற்பரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். ஒட்டும் திறன் அதிகம் என்பதால் இங்கே எபாக்சி வகை ரெசின் நல்லது. ஓட்டையின் விளிம்பையும் செங்குத்தாக விடக்கூடாது. 6 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 7 செ.மீ. அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப் போல 12 மடங்கு பரப்பு கிடைப்பதால், அலை மோதும் விசை ஒரே கோட்டில் குவியாமல் அந்தச் சரிவு முழுக்கப் பரவிவிடும்.