இரவில் எழுதி, மழையில் அழியும் ஆர்டர்

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும், விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. எந்த மர நிரை யாருக்கு என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) முந்தின இரவே எழுதி வைத்திருப்பார். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தாள் செல்லாது. மரம் ஈரமாக இருந்தால் பால் மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) இறங்காமல் பட்டையோடு வழிந்துவிடும். உற்பத்தித் திட்ட மென்பொருள் போடும் பிளான்ட் ஆர்டரும் (planned order, எதை, எவ்வளவு, எப்போது செய்யலாம் என்ற உத்தேசத் திட்டம்) அப்படிப்பட்ட தாள்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா நடத்தும் முறுக்குப் பட்டறைக்கு நான்தான் கணினிக் கணக்கு பார்க்கிறேன். தீபாவளிக்கு 500 பாக்கெட் கேட்டார்கள், அக்டோபர் 20இல் வேண்டுமாம். கையிருப்பு 80, அடுப்பில் ஏறியது 100. மீதி 320. ஒரு ஈடுக்கு 50 பாக்கெட் என்பதால் மென்பொருள் 350க்கு ஒரு பிளான்ட் ஆர்டர் எழுதுகிறது. சுட்டுக் கட்ட 2 நாள், ஆகவே தொடக்கம் 18. அதோடு நிற்பதில்லை. பாக்கெட்டுக்கு 200 கிராம் அரிசி மாவு, மொத்தம் 70 கிலோ. இருப்பது 25 கிலோ, குறைவது 45. மூட்டை 25 கிலோ என்பதால் இரண்டு மூட்டை. ஈப்போவிலிருந்து வர 5 நாள் ஆகும், 13ஆம் தேதியே சொல்லிவிட வேண்டும்.

முறுக்கு எத்தனை விற்கும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும்; மாவு எவ்வளவு என்பதை ஊகிக்கத் தேவையில்லை, முறுக்கிலிருந்தே கணக்கிடலாம். இந்த வேறுபாட்டை அடித்தளமாக வைத்து 1960களில் இம்முறையை (MRP, பொருள் தேவைத் திட்டமிடல்) வளர்த்தவர் ஜோசப் ஆர்லிக்கி. 1975இல் அதை நூலாகவும் எழுதினார்.

ஒவ்வொரு முறை கணக்கு ஓடும்போதும் பழைய பிளான்ட் ஆர்டர்கள் அழிந்து புதிதாக எழுதப்படும். இதை நான் பட்டுத்தான் படித்தேன். "தம்பி, 18ஆம் தேதி ரெண்டு பேர் கல்யாணத்துக்குப் போறாங்க, ஒரு நாள் முன்னாடி வச்சிக்கோ" என்றார் அக்கா. 17 என்று மாற்றினேன். இரவுக் கணக்கு அதை மறுபடி 18 ஆக்கிவிட்டது. நான் பார்க்கவில்லை. 17ஆம் தேதி காலையில் ஆட்கள் வந்து நின்றார்கள், மாவு வரவில்லை.

கையால் திருத்திய ஆர்டரை 'உறுதி' என்று குறித்திருக்க வேண்டும். சில மென்பொருள்கள் தாமாகவே குறித்துக்கொள்ளும், எங்களுடையது அப்படியில்லை. குறித்துவிட்டால் மென்பொருள் அதைத் தொடாது. மாவுக்கான தேதியையும் 12க்கு இழுத்துக்கொள்ளும். ஆனால் கண்டதையெல்லாம் உறுதி செய்வது ஆபத்து. கடைக்காரர் 500ஐ 300 ஆக்கினாலும் அந்த 350 அப்படியே நிற்கும். "குறைக்கலாம்" என்று ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். அதை யாராவது தினமும் வாசிக்க வேண்டும், அதுதான் உண்மையான வேலை.

தேதி நெருங்கியதும் முறுக்கு உற்பத்தி ஆர்டராகிறது, மாவு கொள்முதல் கோரிக்கையாகிறது. அதன்பிறகு இரவுக் கணக்கு அதை அழிக்காது. இந்த வருடம் மாவுக் கோரிக்கையை அச்செடுத்து, அக்காவின் மாவு டின் மேலேயே ஒட்டிவிட்டேன்.