கிரீன்வாஷிங்: கழுவலா, பூச்சா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கக் கடைகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே விற்பனைக்கு வரும். பாக்கெட்டின் ஒரு பக்கம் ‘இயற்கை’, மறுபக்கம் ‘ஹரிதம்’, நடுவில் ஒரு பச்சை இலை. உள்ளே பழைய சோப்புத்தூளேதான். துளியளவு நன்மையை மலையளவாகவும், செய்யாததைச் செய்ததாகவும் காட்டும் இந்த வியாபாரப் பேச்சுக்குத்தான் கிரீன்வாஷிங் என்று பெயர்.

சொல் பிறந்த கதை ஒரு குளியல் துண்டில் தொடங்குகிறது. 1983-ல் பிஜித் தீவுக்குப் போன ஜே வெஸ்டர்வெல்டு என்ற அமெரிக்கர், ஒரு விடுதியில் அறிவிப்பு அட்டை ஒன்றைப் பார்த்தார். கடலையும் பவளப்பாறைகளையும் காக்க, துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்றது அட்டை. அதே விடுதியோ புதிய குடில்கள் கட்டி விரிந்துகொண்டிருந்தது. சலவைக் காசு மிச்சம், கூடவே நல்ல பெயர். 1986-ல் எழுதிய கட்டுரையில் அவர் இதைக் கிரீன்வாஷ் என்றார்.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த ‘ஒயிட்வாஷ்’ என்ற சொல்லின் சாயலில் வந்தது இது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நேர்ப்பொருள். குற்றத்தை மறைப்பது வழிப்பொருள். அங்கே ‘வாஷ்’ என்றால் கழுவுவது இல்லை, மெல்லிய பூச்சு. அதனால் ‘பசுமைக் கழுவல்’ என்று சிலர் எழுதுவது பொருந்தாது. பச்சையைக் கழுவித் துடைப்பதாகவே காதில் விழுகிறது. மலையாளப் பத்திரிகைகளில் ஒருவரின் தவறை மறைப்பதை ‘வெள்ளபூசல்’ என்பார்கள். தமிழில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. நமக்கு அந்தக் குணம் ‘பூசி மெழுகுவதில்’ இருக்கிறது. ஆகவே ‘பசுமைப்பூச்சு’ என்பதே என் தேர்வு. வினையாகவும் வளையும்: பசுமை பூசுகிறார்கள். ‘பச்சைப் பொய்’ என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் இதில் பாதி உண்மை கலந்திருக்கும், அதுதான் சிக்கல்.

இவ்வூர்கள் இருக்கும் சித்தூர் தாலுகாவில் இந்தச் சொல்லை விளக்க பிஜி வரை போக வேண்டியதில்லை. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ல் கோக்கோ-கோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றின, மிஞ்சிய தண்ணீர் குடிக்க ஆகவில்லை என்று 2002-ல் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் முன்னின்று போராட்டம் தொடங்கினார்கள். அந்த ஆலையின் கழிவுச் சேறு, உரம் என்ற பெயரில் சுற்றுவட்ட விவசாயிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2003-ல் பிபிசி வானொலி அதைச் சோதிக்க வைத்தபோது காட்மியமும் ஈயமும் தெரியவந்தன. நிறுவனம் கெடுதல் இல்லை என்றே சொல்லிவந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் கேரள அரசின் உயர்நிலைக் குழு, ஆலையால் ஏற்பட்ட இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. கழிவை உரம் என்பது பசுமைப்பூச்சு இல்லாமல் வேறென்ன?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். மரக்கன்று நடும் படங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருபவை. மிச்சம் 98 சதவீதம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. பசுமைப்பூச்சுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்தது 2024 அக்டோபரில்தான். ‘சூழலுக்கு உகந்தது’ என்று மொட்டையாகப் போடக் கூடாது. எது, எந்த அளவில் என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

கடையில் ‘மக்கும் பை’ கொடுத்தால் அதில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் தென்னைமரக் குழியில் போட்டால் மக்கிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். அந்த வகைப் பைகளில் பல, உரமாக்கும் ஆலையின் சூட்டில்தான் மக்கும்.