குழாயைக் கழற்றும் முன் கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள்

"அண்ணா, சிங்க் குழாய் போயிடுச்சு. புதுசு வாங்கி வச்சிருக்கேன், வந்து மாட்டிக் கொடுத்துடுங்க" என்றுதான் போன் வரும். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் குழாய் நன்றாகவே இருக்கும். உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் தண்டு, அதாவது ஸ்பிண்டில்தான் தேய்ந்திருக்கும். வால்வை மூடிவிட்டு, கைப்பிடியின் தலையில் இருக்கும் சின்ன மூடியை நெம்பி எடுத்தால் ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். அடியில் உள்ள ஸ்பிண்டிலை ஸ்பானரால் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் ஒன்று வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. நாலைந்து சுற்று சுற்றித் திறக்கும் பழைய குழாய் என்றால் ரப்பர் வாஷரை மாற்றினாலே பெரும்பாலும் சொட்டு நின்றுவிடும். எனக்குக் கூலி குறையும்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

குழாயின் உடம்பே விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதற்கு முந்தைய நாளே மொட்டை மாடித் தொட்டியின் வால்வு மூடுகிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் வீடுகளில் அது பல வருடம் திருப்பாமல் இறுகிக் கிடக்கும்.

சென்ற மாதம் ஒரு வீடு. அந்தத் தம்பி வீடியோ பார்த்துத் தானே மாட்டியிருக்கிறார். நன்றாக இறுகிய இடத்தில் குழாய் நேராக நிற்காமல் பக்கவாட்டில் பார்த்து நின்றிருக்கிறது. ரெஞ்ச் போட்டு இன்னும் அரைச் சுற்று திருப்பினார். சுவருக்குள் இருந்த எல்போ, அதாவது குழாயை மாட்டும் வளைந்த இணைப்பு, பிளந்துவிட்டது. பித்தளை மரை வைத்த எல்போவாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். அது முழு பிளாஸ்டிக். கடைசியில் இரண்டு டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று.

இன்னும் சிலர் பயந்துபோய்க் கால் சுற்று பின்னால் திருப்பி நேராக்குவார்கள். அதுவும் தப்பு. கசியாமல் இருக்க மரையில் சுற்றும் வெள்ளை நாடாதான் டெஃப்லான்; இறுகி உட்கார்ந்த அது பின்னால் திருப்பினால் பிடி விட்டுவிடும், அன்று இரவே கசியும். (எங்கள் தொழிலில் குழாயும் டேப், டெஃப்லானும் டேப். புதுப் பையன்கள் பாடு திண்டாட்டம்.) நான் செய்வது இதுதான்: முதலில் டெஃப்லான் சுற்றாமல் கையால் திருகி, எத்தனை சுற்றில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவனித்துக்கொள்வேன். அரை இஞ்ச் மரையில் ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர்கூட உள்ளே போகாது. அதனால் டெஃப்லானைச் சில சுற்று கூட்டிக் குறைத்தே நிற்கும் இடத்தை மாற்றிவிடலாம். குழாயைத் திருகும் திசையிலேயே டெஃப்லானையும் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும்.

குழாய் நேராக நின்று கைப்பிடி மட்டும் கோணலாக இருந்தால் உடம்பைத் தொடவே வேண்டாம். கால் சுற்றுக் குழாய்களில் ஸ்பிண்டிலின் தலையில் பற்கள் இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை உருவி, ஓரிரு பல் தள்ளி மாட்டினால் சரியாகிவிடும்.

அப்புறம் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் ஒரே கைப்பிடியில் கலந்து தரும் இந்த சிங்கிள் லீவர் மிக்ஸர். அழகுக்காக வாங்குகிறார்கள். வீட்டில் கீசர் இல்லை என்றால் சுடுதண்ணீர் ஹோஸைச் சும்மா தொங்கவிடாதீர்கள். லீவரை நடுவில் வைத்ததும் அதன் வழியாகத் தண்ணீர் சிங்க்குக்கு அடியில் கொட்டும். பிளக் போட்டு அடையுங்கள். அட்டையில் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் என்று போட்டிருந்தால் யோசித்து வாங்குங்கள். குழாயிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் சுமார் 0.3 பார்தான் கிடைக்கும், தண்ணீர் நூலாகத்தான் வரும். லீவரைப் பின்னால் தள்ளும்போது சுவரில் இடிக்கிறதா என்றும் துளை போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் நுனியில் உள்ள ஜல்லடையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். பைப்பில் கிடந்த மண்ணும் பிளாஸ்டிக் துருவலும் வெளியே வரும்.

சுவரில் மாட்டும் குழாய் என்றால், மரையை மறைக்கும் அந்த வட்டத் தகட்டை முதலிலேயே கோத்துவிடுங்கள். போன வாரம் எல்லாம் இறுக்கி முடித்துவிட்டுத் திரும்பினால், தகடு மேடையில் உட்கார்ந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து.