புகை வாசனையும் இரண்டு வார நோட்டீசும்

1900 டிசம்பர் 31. வியன்னாவில், உளப்பகுப்பாய்வு என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டிடம் பதினோரு வாரமாக வந்துகொண்டிருந்த 18 வயதுப் பெண், இன்றோடு சிகிச்சை போதும் என்றாள். எப்போது எடுத்த முடிவு என்று கேட்டார். இரண்டு வாரம் ஆகிறதாம். வீட்டு வேலைக்கு இருப்பவர்கள் நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று அவர் சொன்னதும், அவளுக்கு ஒரு வீட்டு ஆசிரியை ஞாபகம் வந்தது.

ஃபிராய்ட் அவளை டோரா என்று அழைத்து எழுதினார். அப்பாவின் நண்பரான திரு. கே. ஏரிக்கரையில் தன்னை நெருங்கியபோது கன்னத்தில் அறைந்தவள் அவள். அவளிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லித்தான், தன் வீட்டில் வேலைபார்த்த அந்த ஆசிரியையையும் அவர் மயக்கியிருந்தார். டோரா சொன்னதை அப்பா நம்பவில்லை.

தான் கோட்டைவிட்டது எதை என்று 1905இல் ஃபிராய்டே எழுதினார். கே. மேலிருந்த கோபத்தை டோரா தன்மேல் தீர்த்துக்கொண்டாள் என்றார். அறிகுறி முன்பே இருந்தது: வீடு தீப்பற்றும் கனவு கண்டு விழிக்கும்போதெல்லாம் புகை வாசனை வந்தது என்று அவள் சொல்லியிருந்தாள். அப்பா, கே., ஃபிராய்ட் மூவருமே ஓயாமல் புகைப்பவர்கள்.

இதைத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ், அதாவது உணர்ச்சி இடமாற்றம் என்கிறோம். பழைய உணர்ச்சிகளின் மறுபதிப்பு என்றார் ஃபிராய்ட். உளப்பகுப்பாய்வில் நோயாளி படுத்திருக்கிறார், சிகிச்சை தரும் ஆய்வாளர் தலைமாட்டில், கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கிறார், தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தெரியாத அந்த இடத்தில் அப்பாவோ அம்மாவோ வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆய்வாளர் சும்மா இருந்தாலே 'என்மேல் கோபம்' என்று தோன்றும். ஆனால் அவர் திருப்பிக் கோபிப்பதில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று சேர்ந்து தேடுகிறார். எப்போதோ நடந்ததைப் பற்றிப் பேசுவது வேறு, அது அறைக்குள்ளேயே நடக்கும்போது பிடிப்பது வேறு. சிகிச்சையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் இடமாற்றம் என்று தள்ளிவிட முடியாது. டோரா உள்ளூரக் கே.யைக் காதலிக்கிறாள் என்று ஃபிராய்ட் விடாமல் வற்புறுத்தினார். அவள் கோபத்தில் ஒரு பங்கு அவருக்கே உரியது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆய்வாளரின் சொந்த உணர்ச்சிகளும் குறுக்கே வரும் என்பதை, எதிர் இடமாற்றம் என்ற பெயரில், 1910இல்தான் அவர் பேசினார்.

1902 ஏப்ரலில் டோரா ஒருமுறை திரும்பி வந்தாள். ஏரிக்கரையில் நடந்ததைக் கே. தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதையும், அதை அப்பாவிடம் போய்ச் சொன்னதையும் ஃபிராய்டிடம் சொன்னாள்.