ஜிப்சி: எகிப்துக்குப் போகாத எகிப்தியர்

இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேட்டில், ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் தகப்பனை 'எகிப்தியன்' என்று குறித்திருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நைல் நதிக்கரையில் வேரைத் தேடக் கூடாது. அந்தத் தகப்பன் ஒரு ஜிப்சி.

15ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்குக் கூட்டங்கூட்டமாக வந்த இவர்கள், 'சின்ன எகிப்து' தங்கள் நாடு என்றார்கள். ஊரார் நம்பினார்கள். ஆங்கில 'ஈஜிப்ஷியன்' முன்பாதி தேய்ந்து 'ஜிப்சி' ஆனது. ஸ்பெயினில் வழங்கும் 'ஹிதானோ'வும் இதே கதைதான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1530இல், இவர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்ன சட்டத்திலும் 'எகிப்தியர்' என்றே இருக்கிறது. 1554இல் வந்த சட்டம், போகாமல் தங்கியவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. பெயரையும் பிறப்பையும் மறைத்துத்தான் பல குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்பதை, பதிவேட்டில் அவர்களைக் காணோமே என்று அலுத்துக்கொள்ளும் முன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான வேர் அவர்கள் மொழியில் இருக்கிறது. ரோமானி மொழியில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்', கத்தி 'சூரி'. நம் சூரிக்கத்தியில் இருக்கும் அதே சூரி! வட இந்திய மொழிகளோடு ஒரே குடும்பம். வழியில் பாரசீகம், ஆர்மேனியம், கிரேக்கம் என்று சொற்களைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதி 'நாடோடி' என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் அது வாழ்முறையைச் சொல்கிறது, இனத்தைச் சொல்லவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கும் ஜிப்சி குடும்பத்தை நாடோடி என்பது எப்படிப் பொருந்தும்? 'குறவர்', 'நரிக்குறவர்' என்று பெயர்ப்பது இன்னும் தவறு. அது வேறு மக்களின் பெயர். 'ரோமானியர்' என்றால் பழைய ரோமாபுரிக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆகவே பொதுப்பெயராக 'ரோமா மக்கள்' என்பதே என் தேர்வு. 'ஜிப்சி' என்ற சொல்லை வசையாகக் கருதும் ரோமா மக்கள் பல நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் பலர் தங்களை ஜிப்சி என்றே சொல்லிக்கொள்கிறார்கள், அவர்களை அப்படியே குறிக்கலாம்.

ஜிப்சிகளோடு சேர்த்துப் பேசப்படும் 'டிராவலர்' என்பதைப் 'பயணி' ஆக்கிவிடாதீர்கள். பஸ்ஸில் போகிறவரும் பயணிதான். அயர்லாந்து டிராவலர்கள் ரோமா அல்லர். ஐரிஷ் மண்ணிலேயே தோன்றிய தனி இனம், 2017இல் அந்நாட்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்னொரு சிக்கலும் உண்டு: பழைய ஆவணத்தில் 'கமர்ஷியல் டிராவலர்' என்றிருந்தால் அவர் கம்பெனிச் சரக்குக்கு ஊர் ஊராக ஆர்டர் பிடித்தவர், அவ்வளவுதான்.

மூதாதையரைத் தேடுகிறவருக்கு இந்தச் சொற்களைவிடத் தொழில்தான் கைகொடுக்கும். கூடை முடைபவர், சாணை பிடிப்பவர், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுபவர், குதிரை வியாபாரி, தெருவில் கூவி விற்பவர் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். லீ, ஸ்மித், கூப்பர், பாஸ்வெல் போன்ற குடும்பப் பெயர்களை மட்டும் நம்ப முடியாது, மற்றவர்களுக்கும் அவை உண்டு. 'சின்ஃபி' மாதிரி ஆளுக்கு இட்ட அபூர்வமான பெயர் கண்ணில் பட்டால் அங்கே நின்று பாருங்கள்.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கூடாரத்திலும் களஞ்சியக் கொட்டகையிலும் படுத்தவர்களைப் பெரும்பாலும் தலை எண்ணி விட்டுவிட்டார்கள், பெயர் இல்லை. பிந்தைய கணக்கெடுப்புகளில் பிறந்த ஊரும் சேர்ந்துகொண்டது. ஒரே வண்டியில் ஐந்து பிள்ளைகள், ஐந்து ஊர்கள். வயது வரிசையில் அந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். குடும்பம் வண்டி ஓட்டிய தடம் தெரியும். அடுத்து அந்த ஊர்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும், அக்கம்பக்கத்து ஊர்களையும் விடாமல்.