வயிறு பெருத்திருக்கிறது, கையைப் பாருங்கள்

ஈரல் நோய்க்குப் பத்தியம் இருந்தே தசை கரைந்து வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓட்டுகிறவர், சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிப் போகும் நோய். "எடை குறையவே இல்லைங்க மேடம், 68 கிலோ அப்படியேதான் இருக்குது" என்றார் மனைவி. வயிற்றில் கோத்திருந்த நீரை எடுத்த பிறகு 59. மேல்கையைத் தொட்டால் எலும்பு தட்டுப்பட்டது. மூன்று மாதமாக ஜவ்வரிசிக் கஞ்சி, இட்லி, மோர். பத்தியமாம்.

நீர் கோத்த உடம்பில் எடை மெஷினை நம்பாதீர்கள். நீரின் அளவைப் பொறுத்து 5 முதல் 15 சதவீதம், கால் வீங்கியிருந்தால் இன்னும் 5 சதவீதம் கழித்துத்தான் கணக்குப் போடுகிறோம். மேல்கைச் சுற்றளவு, கைப்பிடி பலம், சாப்பாடு எவ்வளவு குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறோம். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதைத் தயாரிப்பதே கல்லீரல்தான்.

இப்போது பத்தியத்துக்கு வருகிறேன். "ஈரல் கெட்டால் முட்டை, பருப்பு, கறி ஆகாது." எத்தனை பேரிடம் மறுத்தாலும் இது ஓயவில்லை. மூளைக் குழப்பம் வரும் என்று பயந்து ஒரு காலத்தில் டாக்டர்களே புரதத்தைக் குறைத்தார்கள், உண்மைதான். அந்தக் காலம் போய்விட்டது. மூளையைக் குழப்புகிற அம்மோனியாவை, ஈரல் தடுமாறும்போது வாங்கிக்கொள்வது தசை. பத்தியம் கரைப்பதும் அதே தசையைத்தான். நீர் கழித்த எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். இவருக்கு 70 கிராமுக்குக் குறையக் கூடாது. 100 கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம்கூடத் தேறாது. ஜவ்வரிசி செய்கிற மரவள்ளி நம்ம ஊர்ப் பயிர்தான், அதற்காக அதுவே சாப்பாடு ஆகிவிடாது. முட்டை, பருப்பு, பால், தயிர், பொட்டுக்கடலை எல்லாம் கொடுங்கள். கறி ஒத்துக்கொள்ளாதவருக்குப் பருப்பும் பாலும் பொதுவாக ஒத்துக்கொள்ளும்.

ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எட்டு வரை வெறும் வயிறு வேண்டவே வேண்டாம். சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு ராத்திரிப் பட்டினி, மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். படுக்கும் முன் பாலும் இரண்டு வாழைப்பழமும், இல்லையென்றால் ராகிக் கூழ். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களே, ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் ஒழிய, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நீர் கோத்தவர்களுக்கு உப்பு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. குடியும் கிடையாது, இதில் பேரம் பேசாதீர்கள். பேச்சு குழறினால், பகலெல்லாம் தூங்கினால், சாப்பாட்டை நிறுத்திப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அடுத்த முறை ரிப்போர்ட் ஃபைலோடு, முந்தின நாள் காலையிலிருந்து படுக்கும்வரை சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வீட்டில் சமைக்கிறவரும் தயவுசெய்து கூட வரட்டும்.